தஞ்சாவூர் வாடல் என்னும் தென்னை நோய்: மரத்தை வெட்டுவதா, மருந்து கட்டுவதா?

கடைமடையான்: பட்டுக்கோட்டைப் பக்கம், மணல்சாரி மண். மூணு தென்னையில் அடித்தண்டு வெடிச்சு செம்பழுப்பா சாறு வடியுது. அடிமட்டை தண்டோடு ஒட்டித் தொங்குது, குரும்பை கொட்டுது. வெட்டிடலாம்ங்கிறார் அப்பா. எனக்கு மனசு வரலை.

தோப்புக்காரர்: அப்பா சொல்றதைக் கேளுங்க தம்பி. கேனோடெர்மா காளான் வேர்ல நுழைஞ்சுதான் தண்டுக்கு ஏறும். சாறு வெளியே தெரியுதுன்னா வேர் அழுக ஆரம்பிச்சு நாளாச்சு. 1952-லேயே தஞ்சாவூர் மாவட்டத்துல கண்டுபிடிச்ச நோய் இது, இன்னும் ஒழியலை. காரணம் நாமதான். 2018 கஜா புயல்ல சாஞ்ச மரத்தை அறுத்து வித்தோம், அடிக்கட்டையை மண்ணுக்குள்ளேயே விட்டோம். செத்த கட்டைதான் அதுக்குத் தீனி. வெட்டி, கட்டையையும் வேரையும் தோண்டி எரிங்க.

வேர்வழி: கட்டை விஷயம் சரிண்ணே. ஆனா மூணையும் வெட்டச் சொல்றது அநியாயம். சாறு முழங்காலுக்குக் கீழே இருந்தா மரத்தை மீட்கலாம். ஹெக்சகோனசோல்ங்கிற பூஞ்சணக்கொல்லி 2 மில்லி, தண்ணி 100 மில்லி கலந்து பாலித்தீன் பையில ஊத்துங்க. பென்சில் கனத்துல உயிருள்ள வேரா தேடி, நுனியைச் சாய்வா சீவி, பைக்குள்ள விட்டுக் கட்டுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா. அதுக்கு முன்னாடி முத்தின காயைப் பறிச்சிடணும். தூருல ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) 40 லிட்டர் ஊத்துங்க. வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ வைங்க. புண்ணாக்கோட டிரைக்கோடெர்மா (நோய்க் காளானை அடக்குற நல்ல பூஞ்சை) கலந்தா, அதையும் போர்டோவையும் ஒரே சமயத்துல போடாதீங்க, அந்த நல்ல பூஞ்சை செத்துடும்.

தோப்புக்காரர்: தூருல காளான் முளைச்ச மரத்துக்குமா இதெல்லாம்?

வேர்வழி: இல்லை. அதுக்கு நானும் கோடாலிதான் சொல்வேன்.

கடைமடையான்: ஒண்ணுல முளைச்சிருக்கு. மேலே வார்னிஷ் அடிச்ச மாதிரி செம்பழுப்பு, விளிம்பு வெள்ளை, அடியில ஊசித்துளை. பக்கத்துல பழுப்புத் தூள் படிஞ்சிருக்கு. ரெய்ஷின்னு மருந்துக் காளானா விக்கிறது இதுதானேன்னு தங்கச்சி கேக்கறா.

வேர்வழி: அந்தக் குடும்பம்தான், ஆனா இனம் வேற. கஷாயம் கிஷாயம் வச்சிடாதீங்க. அந்தத் தூள்தான் அதோட வித்து.

தோப்புக்காரர்: அந்த மரம் இன்னிக்கே போகட்டும். மத்த ரெண்டையும் நான்னா வெட்டுவேன். மருந்துக்குப் பணம் போட்டு, ஒரு வருஷம் தவறாம கட்ட யார் இருக்கா?

வேர்வழி: காய்க்கிற மரம் அண்ணே! புதுக் கன்னு வச்சு எத்தனை வருஷம் காத்திருக்கறது? தம்பி, ரெண்டையும் சுத்தி நாலடி தள்ளி, ரெண்டடி ஆழத்துல குழி வெட்டித் தனிமைப்படுத்துங்க. அந்த மரத்துத் தண்ணி அடுத்த பாத்திக்குப் போகவே கூடாது. உழவும் வேண்டாம், வேர் அறுந்தா நோய்க்கு வாசல். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கம்தானே, ஒருக்கா காட்டுங்க.

தோப்புக்காரர்: காட்டுங்க. ஆனா சாறு ஒரு சாண் மேலே ஏறினாலும் அரிவாளை எடுங்க தம்பி.