‘செவன் நேஷன் ஆர்மி’யில் பாஸ் கிதார் உண்டா? அந்த ஒலியை எப்படி எடுப்பது?

ஆறுகம்பி:

வணக்கம். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற இரண்டு பேர் ராக் குழுவின் (ஜாக் ஒயிட் கிதார், மெக் ஒயிட் டிரம்ஸ்) ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டை (2003) ஒரு கிதார், ஒரு டிரம் செட், இரண்டே பேராக மேடையில் வாசிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு டெமோ பதிவும் எடுக்க வேண்டும். கணினியில் பிட்ச் ஷிஃப்டர் (சுருதியை ஏற்றி இறக்கும்) பிளகின் போட்டு ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறக்கினால் ஒலி கைக்குப் பின்னால் வருகிறது. கார்டு அடித்தால் குழறுகிறது. டிரம்ஸைச் சேர்த்ததும் அடிப்பகுதி முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. போனில் கேட்டால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் வரி) இருந்த இடமே தெரிவதில்லை.

உண்மையில் அந்தப் பதிவில் பாஸ் வாசித்திருக்கிறார்களா? எந்த ட்யூனிங்? அந்த அடித்தொனியை எங்கே பிடிப்பது? அப்புறம், இதைச் சிங்கிளாக வெளியிட ரெக்கார்டு கம்பெனிகளே தயங்கியதாகப் படித்தேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மிதிபலகை:

பாஸ் கிதார் இல்லை. நீங்கள் பாஸ் என்று கேட்பது ஜாக் ஒயிட்டின் கே கம்பெனி ஹாலோபாடி கிதார், 1950களின் மாடல். அதை டிஜிடெக் வாமி என்ற, காலால் அழுத்திச் சுருதியை மாற்றும் பெடலில் ஒரு ஆக்டேவ் கீழே இறக்கியிருக்கிறார்.

ரிஃப் முழுக்க ஒரே கம்பியில், ஐந்தாவது கம்பியான ஏ கம்பியில் வருகிறது. ஃப்ரெட் எண்கள்: 7, 7, 10, 7, 5, 3, 2. ஸ்வரமாக இ, இ, ஜி, இ, டி, சி, பி. இரண்டு பார் (நான்கு பீட் கொண்டது ஒரு பார்). முதல் இ ஒன்றரை பீட், அடுத்த இ அரை பீட். பிறகு ஜி, இ, டி மூன்றும் சேர்ந்து இரண்டு பீட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது பாரில் சி இரண்டு பீட், பி இரண்டு பீட். அந்த மூன்று ஸ்வரத்தைப் பலரும் நேர் எட்டாம் பங்குகளாக அவசரப்பட்டு அடித்துவிடுகிறார்கள். அங்கேதான் ரிஃப் செத்துப்போகிறது. இரண்டு பீட்டுக்கு ஒரு ‘தகிட’ என்று வாயால் சொல்லிப் பழகிவிட்டுக் கையில் எடுங்கள்.

ட்யூனிங் ஓபன் ஏ, அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஏ கார்டு ஒலிக்கும். ஆறாம் கம்பியிலிருந்து: இ, ஏ, இ, ஏ, சி ஷார்ப், இ. ஏ கம்பி மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரிஃப் மட்டும் போதுமென்றால் சாதாரண ட்யூனிங்கிலேயே அதே ஃப்ரெட்டில் வாசிக்கலாம். ஓபன் ஏ தேவைப்படுவது ஸ்லைடுக்கு (விரலில் மாட்டிக் கம்பி மேல் இழுக்கும் குழாய்): கம்பிகள் ஒரே கார்டில் நிற்பதால் ஸ்லைடை நேராக வைத்து இழுத்தாலே கார்டு கிடைக்கும். ஆனால் 4, 3, 2 கம்பிகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும். தடித்த செட் போட்டிருந்தால் மூன்றாவது கம்பி அறுந்துபோகும், பழைய கிதாராக இருந்தால் கழுத்துக்கும் நல்லதல்ல. பயமாக இருந்தால் ஓபன் ஜி வைத்து இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். கேப்போவிலிருந்து எண்ணினால் அதே எண்கள்தான்.

இப்போது பெடல். கார்டு குழறுவது உங்கள் பிளகினின் குற்றம் மட்டும் இல்லை. இந்தக் கருவிகள் வரும் ஒலியின் சுருதியைக் கண்டுபிடித்து, அதை மாற்றி வெளியே விடுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் வந்தால் சரியாகப் பிடிக்கும். இரண்டு ஸ்வரம் சேர்ந்து வந்தால் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். அதனால்தான் பாட்டில் ஆக்டேவ் இறக்கம் ஒற்றை ஸ்வர ரிஃப்புக்கு மட்டும். வரிகள் முடிகிற இடத்தில் ஜி, ஏ கார்டுகள் வரும்போதும், அடுத்து ரிஃப்பையே பெரிய கார்டுகளாக ஸ்லைடில் இழுக்கும்போதும் வாமி அணைந்திருக்கும், டிஸ்டார்ஷன் ஏறியிருக்கும். மேடையில் இந்தக் கால்மாற்றம்தான் உங்களுக்குப் பெரிய வேலை. வாமியை அணைப்பதும் ஃபஸ்ஸை (ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல்) ஏற்றுவதும் ஒரே பீட்டில் நடக்க வேண்டும். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி வையுங்கள்.

வரிசை: கிதார், வாமி, அதன் பிறகே ஃபஸ். மாற்றி வைத்தால் ஃபஸ் கிளப்பும் மேல்ஸ்வரங்கள் வாமியைக் குழப்பி, ஸ்வரம் நடுவில் உடைந்து துள்ளும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப், டோன் பாதிக்குக் கீழே. வாசிக்காத கம்பிகளை இடக்கை விரல்களால் அடக்கிவிடுங்கள். பக்கத்துக் கம்பி லேசாக முனகினாலும் பெடல் அதையும் பிடித்துக்கொள்ளும். ‘ஒரு ஆக்டேவ் டவுன்’ நிலையில் பெடலை விரல் பக்கம் முழுக்க அழுத்தினால்தான் முழு ஆக்டேவ் இறங்கும். பாதியில் நின்றால் சுருதி நடுவில் எங்கோ தொங்கும்.

எட்டுத்தடம்:

பதிவு பற்றி நான் சொல்கிறேன். ‘எலிஃபன்ட்’ ஆல்பத்தின் பெரும்பகுதி, இந்தப் பாட்டு உட்பட, 2002 ஏப்ரலில் லண்டன் ஹேக்னியில் உள்ள டோ ராக் ஸ்டூடியோவில் பதிவானது. ஒலிப்பதிவு லியம் வாட்சன். எட்டு ட்ராக் டேப் இயந்திரம், பழைய கருவிகள். எழுதுவதிலிருந்து மாஸ்டரிங் வரை எதற்கும் கணினி பயன்படுத்தவில்லை என்று ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். க்ளிக் ட்ராக் (தாளம் தவறாமலிருக்கக் காதில் விடும் டிக் டிக் ஒலி) இல்லை. வேகம் நிமிடத்துக்கு 124 பீட்டை (பிபிஎம்) ஒட்டி இருந்தாலும் பாட்டு ஏறும் இடங்களில் அதுவும் கூட ஏறும். நீங்கள் கணினியின் தாளக் கட்டத்தில் (க்ரிட்) பூட்டினால் பாட்டு விறைத்துவிடும். க்ளிக் வேண்டுமென்றால் டிரம்மருக்கு முதல் நான்கு பார் மட்டும் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

இனி உங்கள் கொழகொழப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். ஏ கம்பி ஏழாம் ஃப்ரெட் 164.8 ஹெர்ட்ஸ். ஒரு ஆக்டேவ் இறக்கினால் 82.4, அதாவது கிதாரின் ஆறாவது கம்பியைத் திறந்து மீட்டும் அதே ஸ்வரம். அதற்குக் கீழே டி 73.4, சி 65.4, பி 61.7. ரிஃப்பின் கடைசி மூன்று ஸ்வரங்கள் சாதாரண கிதாரால் தொட முடியாத இடத்தில் இருக்கின்றன. கிக் டிரம்மின் உடம்பும் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான். இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

மூன்று காரியம் செய்யுங்கள். கிக் டிரம்முக்குள் ஒரு துண்டு அல்லது தலையணையை வைத்து, பின்தோலை லேசாகத் தொடும்படி விடுங்கள். ஒலி குட்டையாகிவிடும், முழக்கம் நீளாது. கிக்கில் 60 பக்கம் 3 டெசிபல் குறைத்து 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள தட்டலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: கிதார் ட்ராக் என்றாலே கைப்பழக்கத்தில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) போடுவோம். இங்கே அதைப் போட்டால் டி, சி, பி மூன்றின் அடிச்சுருதியும் போய்விடும். 40க்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

போனில் கேட்காததும் இதோடு சேர்ந்ததுதான். அந்தச் சின்ன ஸ்பீக்கர் 82 ஹெர்ட்ஸைத் தரவே தராது. ஆனால் 165, 247, 330 என்று மேல்ஸ்வரங்கள் பலமாக இருந்தால் காது அடிச்சுருதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சுத்தமான ஆக்டேவ் பிளகினில் அந்த மேல்ஸ்வரங்கள் மெலிந்திருக்கும். ஆகவே ஒலியை நேராகக் கணினியின் ஒலி இண்டர்ஃபேஸில் விடாமல், வால்வ் ஆம்ப்பைக் கரகரக்கத் தொடங்கும் இடம் வரை தள்ளி, அதை மைக்கில் பிடியுங்கள். ஸ்பீக்கர் கூம்பின் நடு மூடியும் கூம்பும் சேரும் விளிம்பை நோக்கி ஒரு டைனமிக் மைக், துணியிலிருந்து இரண்டு அங்குலம். பின்பக்கம் திறந்த காம்போ ஆம்ப் என்றால் அடி ஒழுகிவிடும். மூடிய பெட்டி நல்லது.

எட்டு ட்ராக்குக்குள் அடக்கிப் பார்ப்பதும் உங்களுக்கு உதவும். டிரம்ஸ் இரண்டு, ரிஃப் ஒன்று, கார்டு கிதார் ஒன்று, ஸ்லைடு ஒன்று, குரல் ஒன்று. இரண்டு மீதி இருக்கும், அதை மீதியாகவே விடுங்கள். முதல் வரிகளின்போது இருப்பது ரிஃப், கிக், ஃப்ளோர் டாம், குரல். சிம்பல் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ரிஃப் அவ்வளவு பெரிதாக ஒலிக்கிறது. பிறகு மெக் ஒயிட் சிம்பலை அடிக்கும்போது கூரை திறந்தது போல இருப்பதற்கும் அதுவே காரணம். மெக்கின் வாசிப்பை எளிது என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள், ஒவ்வொரு பீட்டிலும் விழும் அந்தக் கிக்கை ஒரே கனத்தில் நாலு நிமிடம் வாசித்துப் பதிவு செய்து கேட்டுப் பார்க்கட்டும்.

ஆறுகம்பி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஹைபாஸ் 100ல் இருந்தது. எடுத்ததும் பி ஸ்வரம் வந்துவிட்டது! பழைய வாமி 4 ஒன்று விலைக்கு வருகிறது, அடாப்டர் இல்லை. என் பெடல்போர்டின் 9 வோல்ட் சப்ளை போதுமா?

மிதிபலகை:

போதாது, இணைக்கவும் வேண்டாம். வாமி 4க்கு 9 வோல்ட் ஏசி வேண்டும். உங்கள் பெடல்போர்டு கொடுப்பது டிசி. ‘9 வோல்ட்’ என்று மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. அமெரிக்காவிலிருந்து அடாப்டரோடு வந்த பெட்டியாக இருந்தால் இன்னும் கவனம்: அது 120 வோல்ட் பிளக்குக்கானது, நம் 230ல் செருகினால் கருகிவிடும். ஐந்தாம் தலைமுறை வாமி 9 வோல்ட் டிசியில் ஓடும். அதில் ‘கிளாசிக்’, ‘கார்ட்ஸ்’ என்று இரண்டு நிலை உண்டு. இந்தப் பாட்டுக்குக் கிளாசிக்தான், பழைய கரகரப்பு அதில்தான் வரும். வாங்குமுன் மிதிபலகையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுருதி படிப்படியாகத் தாவினாலோ, முழுக்க அழுத்தியும் ஆக்டேவ் எட்டவில்லை என்றாலோ விட்டுவிடுங்கள்.

நாற்பத்தைந்து சுழல்:

வெளியீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

ரிஃப் பிறந்தது 2002 தொடக்கத்தில், மெல்பர்ன் கார்னர் ஹோட்டலில் நிகழ்ச்சிக்கு முந்தைய சவுண்ட் செக்கில். என்றைக்காவது ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் பாட்டு கேட்டால் கொடுக்கலாம் என்று ஜாக் ஒயிட் ஒதுக்கி வைத்திருந்தது. பாண்ட் வாய்ப்பு 2008ல் நிஜமாகவே வந்தது, ஆனால் அதற்குள் ரிஃப் செலவாகிவிட்டது. தலைப்பு, சின்ன வயதில் ‘சால்வேஷன் ஆர்மி’யை அவர் தவறாகக் கேட்டதிலிருந்து வந்தது.

கம்பெனிகள் தயங்கியது உண்மை. பிரிட்டனில் எக்ஸ்எல், அமெரிக்காவில் வி2. இரண்டுமே அதே ஆல்பத்தின் ‘தேர்ஸ் நோ ஹோம் ஃபார் யூ ஹியர்’ பாட்டை முதல் சிங்கிளாக விரும்பின. என் கணிப்பில் காரணம் எளிது. ரேடியோவில் கேட்கிறவர் கூடப் பாடுவதற்குப் பல்லவி வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். இந்தப் பாட்டில் பல்லவி வர வேண்டிய இடத்தில் ஒரு சொல்கூட இல்லை, கிதார் மட்டுமே. ஜாக் ஒயிட் விடாப்பிடியாக நின்று இதையே வெளியிட வைத்தார். அமெரிக்காவில் பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம். ஆனால் பொதுவான ஹாட் 100ல் 76 வரைதான். பிரிட்டனில் 7. 2004ல் சிறந்த ராக் பாட்டுக்கான கிராமி.

விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பிய ஆல்பப் பிரதிகள் வினைல் தட்டுகளாகவே போயின, எளிதில் நகலெடுக்க முடியாதபடி. சிங்கிளும் 7 அங்குலத் தட்டாக வந்தது, பின்பக்கம் ‘குட் டு மீ’. 45 வேகத்தில் 7 அங்குலத்தின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம் தாண்டினால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டிவரும். இந்தப் பாட்டு நாலுக்குச் சற்று உள்ளேயே முடிகிறது. நீங்களும் வினைல் போடும் எண்ணம் வைத்திருந்தால், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் மோனோவாக்கி நடுவில் வையுங்கள். அடித்தொனி இடமும் வலமுமாகப் பிரிந்தால் பள்ளம் மேலும் கீழும் ஆடி ஊசி தாவும். ரிஃப்பில் ஸ்டீரியோ கோரஸ் போடும் ஆசை இருந்தால் அதற்காகவாவது விடுங்கள்.

தகிட:

கம்பெனிகளின் அச்சத்துக்குப் பதில் சொன்னது கால்பந்து ரசிகர்கள். 2003 அக்டோபரில் மிலானில் ஏசி மிலானோடு ஆட வந்த பெல்ஜியத்தின் க்ளப் ப்ரூக் ரசிகர்கள் இந்த ரிஃப்பை வாயாலேயே பாடினார்கள். அன்று ப்ரூக் 1-0 என வென்றது. 2006ல் அவர்களிடமிருந்து ரோமா ரசிகர்கள் பிடித்துக்கொள்ள, அந்த வருட உலகக் கோப்பையில் இத்தாலி முழுக்க ‘போ போ போ’ என்று ஒலித்தது.

பாடக்கூடியதாக இருப்பதற்கு இலக்கணம் இருக்கிறது. இ-யை ஸட்ஜமாக வைத்தால்: ஸ, ஸ, க, ஸ, நி, த, ப. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், சுத்த தைவதம். மேலே ஒரே ஒரு எட்டு, பிறகு பஞ்சமம் வரை படிப்படியாக இறக்கம். பயிற்சி இல்லாத தொண்டைக்கும் எட்டும் தூரம். ரிஷபம் வராததால் இது நடபைரவியா தோடியா என்று இந்த ஏழு ஸ்வரங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆறுகம்பி, மேடையில் இன்னொன்று. வாமி 4ல் ‘வெட்’ (பெடல் மாற்றிய ஒலி), ‘ட்ரை’ (மாற்றாத ஒலி) என்று இரண்டு வெளியீடு உண்டு. வெட்டை பாஸ் ஆம்ப்புக்கும் ட்ரையைக் கிதார் ஆம்ப்புக்கும் கொடுத்தால் கார்டு வரும் இடத்தில் அகலம் கிடைக்கும். ஆனால் ரிஃப் தொடங்கும்போது ட்ரை பக்கம் வாயடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேல் ஆக்டேவும் சேர்ந்து கேட்டு மர்மம் போய்விடும். அந்தக் கேபிளில் ஒரு வால்யூம் பெடல் போட்டுக்கொள்ளுங்கள்.