கோடையில் புள்ளிமானுக்குத் தண்ணீரும் தீவனமும் வைக்கலாமா? (வேப்பூர், விருத்தாசலம் காப்புக்காடுகள்)

மணிமுத்தாறு:
சித்திரை பிறந்தால் வேப்பூர் பக்கத்துக் காப்புக்காடுகளில் குட்டை வறண்டுவிடுகிறது, புல் சருகாகிவிடுகிறது. புள்ளிமான்கள் தண்ணீர் தேடி வெளியே வருகின்றன. சில கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் விழுகின்றன. சில திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் அடிபடுகின்றன, சில நாய்க்கூட்டத்திடம் மாட்டுகின்றன. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, காட்டோரம் நான்கு இடங்களில் சிமெண்ட் உறை (கிணற்று வளையம்) இறக்கி டேங்கர் தண்ணீர் ஊற்றலாம் என்பது என் யோசனை. கூடவே விருத்தாசலம் மார்க்கெட்டில் மிஞ்சும் முட்டைக்கோஸ் இலை, கேரட், உடைத்த மக்காச்சோளம், தவிடு, மண்டபங்களில் மிஞ்சும் சோறு ஆகியவற்றையும் வைக்கலாம். மாட்டுக்குப் போடுவதுதானே, மானும் அசைபோடும் விலங்குதானே? வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

புதுவை கால்நடை:
மணிமுத்தாறு சார், அசைபோடும் விலங்கு என்பதால்தான் சோறும் மக்காச்சோளமும் வைக்கக்கூடாது.

மானுக்குப் புல்லைச் செரிக்கும் சக்தி சொந்தமாகக் கிடையாது. அதன் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரைப் புளிக்கவைத்து அதற்கு உணவாக்கித் தருகின்றன. மான் உண்மையில் அந்த நுண்ணுயிர்க் கூட்டத்துக்குத்தான் தீனி போடுகிறது. காய்ந்த புல், இலை, நெற்று என்று ஓடிக்கொண்டிருக்கும்போது நார் தின்னும் நுண்ணுயிர்கள் நிறைய இருக்கும், மாவுச்சத்து தின்பவை கொஞ்சம்தான் இருக்கும். திடீரென இரண்டு கிலோ சோறோ உடைத்த சோளமோ உள்ளே போனால் மாவு தின்னும் கூட்டம் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். ஆறுக்கு மேல் இருக்கவேண்டிய கார அமில அளவு (pH) ஐந்துக்கு இறங்கும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். உடம்பின் நீரெல்லாம் இரைப்பைக்குள் இழுபட்டு, வயிறு நிறையத் தண்ணீர் இருக்கும்போதே ரத்தம் வற்றும். ஒன்று முதல் மூன்று நாளில் மான் செத்துவிடும். வெளியில் காயம் எதுவும் இருக்காது, அறுத்துப் பார்த்தால் வயிறு நிறையத் தீனி இருக்கும். அமெரிக்காவில் பனிக்காலத்தில் இரக்கப்பட்டு மக்காச்சோளம் கொட்டிய இடங்களில் வெள்ளைவால் மான்கள் இப்படிச் செத்தது பலமுறை பதிவாகியிருக்கிறது.

மாடு மட்டும் தப்புகிறதா? கல்யாணச் சோற்றை வாளியோடு தின்றுவிட்டு மறுநாள் படுத்துக்கொள்ளும் மாட்டைப் பார்க்காத கால்நடை மருத்துவர் நம் மாவட்டத்தில் இருக்கமாட்டார். தொழுவத்து மாட்டுக்கு அடர்தீவனத்தை இரண்டு மூன்று வாரத்தில் கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டுகிறோம், அதனால் தாங்குகிறது. காட்டில் எந்த மான் எவ்வளவு தின்றது என்று யார் அளப்பது? பலத்த ஆண் மான் முழுவதையும் தின்னும், குட்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

முட்டைக்கோஸ், கேரட் சோறு அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் மார்க்கெட் கழிவோடு பிளாஸ்டிக் பையும் சணல் கயிறும் வரும். முதல் இரைப்பைக்குள் போன பை அடுத்த அறைக்குப் போகும் சின்னத் துளையைத் தாண்டாது, அங்கேயே உருண்டையாகிவிடும்.

கொல்லைமேடு:
தீவனம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். நான் தண்ணீரும் வேண்டாம் என்கிறேன்.

காட்டோரம் தொட்டி வைத்தால் மான் காட்டோரம்தான் நிற்கும். அங்கிருந்து பயிர்க்கொல்லை நாலு எட்டு. உளுந்தும் மல்லாட்டையும் (நிலக்கடலை) முளைத்து பத்து இருபது நாளில் குருத்தைக் கடித்துவிட்டுப் போனால் அந்தச் செடி திரும்பிக் கிளைக்கும், ஆனால் பூ தள்ளிப்போகும், காய் ஒன்றுபோல முற்றாது. மல்லாட்டை பிடுங்கும் நாளைக் குறிக்கவே முடியாது. வரப்போரம் நாலு சால் போனால் பரவாயில்லை. மான் நடுக்கொல்லையில் படுத்து எழுந்து போகும், மிதிபட்டதே அதிகம் இருக்கும். காட்டுக்குள் தண்ணீர் இல்லாத கோடைதான் மான் கூட்டத்துக்குக் கடிவாளம். இங்கே புலி இல்லை, செந்நாய் இல்லை. அந்தக் கடிவாளத்தையும் அவிழ்த்துவிட்டால் அடுத்த ஐந்து வருடத்தில் என்ன ஆகும்? அந்தமானில் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், தின்ன எதிரி இல்லாமல் பெருகி, காட்டில் புதுக் கன்று எழும்பவிடாமல் செய்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

ஊசுட்டேரி:
கொல்லைமேடு அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் மான் காட்டுக்குள் அடங்கியிருக்கும் என்று நினைப்பது தவறு. வெளிமானைப் போல நீண்ட நாள் தண்ணீர் குடிக்காமல் புள்ளிமானால் இருக்கமுடியாது. கத்திரி வெயிலில் அனேகமாகத் தினமும் குடித்தாகவேண்டும். காட்டில் இல்லையென்றால் உங்கள் மோட்டார் கொட்டகை வாய்க்காலுக்குத்தான் வரும். தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் பச்சை உளுந்தைப் பார்த்தால் விடாது. ஆகவே தொட்டியை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது என்பதுதான் பேச்சாக இருக்கவேண்டும்.

காட்டோரம் கூடாது. சாலையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் குறைந்தது அரை கிலோமீட்டர் உள்ளே. மான் தார்ச்சாலையைக் கடந்து வரவேண்டியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சுற்றிலும் இருபது முப்பது அடி வெட்டவெளி இருக்கவேண்டும், புதரை ஒட்டி வைத்தால் நாய் ஒளிந்திருப்பது மானுக்குத் தெரியாது.

சிமெண்ட் உறை வேண்டவே வேண்டாம். இரண்டரை அடி செங்குத்துச் சுவரில் தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் மான்குட்டி எட்டிக் குடிக்கப் பார்த்து உள்ளே விழும். முயலும் உடும்பும் விழும், எதுவும் ஏறமுடியாது. வனத்துறை பல இடங்களில் கட்டும் தட்டு வடிவத் தொட்டிதான் சரி: பத்தடி விட்டம், நடுவில் ஒன்றரை அடி ஆழம், விளிம்பிலிருந்து நடுவுக்குச் சீரான சரிவு. பூச்சை வழவழப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் வரி இழுத்துவிடவேண்டும், குளம்பு வழுக்காது. விளிம்பைச் சுற்றி ஆறடிக்குச் சரளை கொட்டவேண்டும். இதை விட்டுவிட்டால் சிந்தும் தண்ணீரில் சேறாகி நத்தை சேரும், நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு வரும்.

இந்த அளவில் சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். கோடையில் நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 50 லிட்டர் காற்றோடு போகும். முப்பது மான், தலைக்கு நாலு லிட்டர் என்றால் 120. மொத்தம் 170 லிட்டர். ஆறாம் நாள் தொட்டி வறண்டுவிடும், ஐந்தாம் நாள் ஊற்றியே ஆகவேண்டும். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்துவது, ஆரம்பிக்காததைவிடக் கெடுதல். பழகிய மான் வெறும் தொட்டியைச் சுற்றி நிற்கும், அந்த இடம் நாய்க்கும் கண்ணி வைப்பவனுக்கும் தெரிந்திருக்கும். ஆடி கழிந்து மழை பிடிக்கும்வரை டேங்கருக்கு ஆள் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

மணிமுத்தாறு:
உறை வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். சோறும் சோளமும் வேண்டாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பசி இருக்கிறதே? உதிர்ந்த கொம்பையும் செத்த மாட்டு எலும்பையும் மான் வாயில் வைத்துக் கடிப்பதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இலை தின்னும் விலங்கு எலும்பைக் கடிக்கும் அளவுக்குப் பஞ்சம் என்றுதானே அர்த்தம்? பச்சைப்புல் மட்டுமாவது வெட்டிப் போடலாமே.

புதுவை கால்நடை:
அது பசியில்லை சார். காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் குறைந்துவிடும். ஆண் மானுக்குக் கொம்பு வளர்க்கவும் தாய் மானுக்குப் பால் சுரக்கவும் பாஸ்பரஸும் கால்சியமும் வேண்டும், அதற்காக எலும்பையும் கொம்பையும் கடிக்கின்றன. புள்ளிமானில் மட்டுமல்ல, ஒட்டகச்சிவிங்கியிலும் இது உண்டு. ஆகவே உதிர்ந்த கொம்பைக் காட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துவருவது சட்டப்படியும் குற்றம்.

பச்சைப்புல் கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கிலோ மானுக்கு நாளுக்கு ஒன்றரை கிலோ உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீனி எடை) வேண்டும். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ஆக ஆறேழு கிலோ பச்சை. முப்பது மானுக்கு 200 கிலோ. மூன்று மாதத்துக்கு 18 டன். இவ்வளவு புல்லை ஆற்றுப்படுகையிலிருந்து அறுத்துவந்தால் ஊர் மாட்டுக்குத் தீவனம் எங்கே? மாடு மேய்ந்த இடத்துப் புல்லோடு கோமாரியும் தொண்டை அடைப்பானும் போகும், ஒரே இடத்தில் முப்பது மான் மூக்கோடு மூக்கு வைத்துத் தின்றால் எல்லாவற்றுக்கும் பரவும். அதே காரணத்தால்தான் ஒரு பெரிய தொட்டியைவிடத் தள்ளித்தள்ளி இரண்டு மூன்று சின்னத் தொட்டி நல்லது என்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்து, பாசியைத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, ஒருநாள் காயவிட்டு நிரப்பவேண்டும். பக்கத்துத் தொட்டியில் அன்றைக்குத் தண்ணீர் இருக்கவேண்டும்.

ஊசுட்டேரி:
பசிக்குக் காட்டிலேயே வழி இருக்கிறது. புள்ளிமான் மழைக்காலத்தில் புல், கோடையில் இலை, காய், நெற்று என்று மாற்றிக்கொள்ளும் விலங்கு. வெள்வேல் நெற்று, இலந்தை, காரை, நாவல், அத்தி எல்லாம் அதற்குத் தீனி. நெல்லிக்காயும் இலந்தையும் தின்று, அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பிவிடும், அது முளைக்கும். இந்த மரங்கள் இருக்கவேண்டிய இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டதுதான் சிக்கல். அதன் நெற்றையும் மான் தின்னும், அதில் வரும் விதை சாணத்தோடு செரிக்காமல் விழுந்து இன்னும் பரவும்.

அதை ஒரே மூச்சில் அழிக்கவும் கூடாது, மானுக்கு இப்போதைக்கு நிழலும் மறைவும் அதுதான். பட்டை பட்டையாக எடுக்கவேண்டும். தரையோடு வெட்டினால் பத்து கிளையாகத் தழையும், தரைக்குக் கீழே ஓர் அடி தோண்டி அடித்தண்டை எடுத்தால்தான் சாகும். புரட்டாசி கடைசியில் கொழுக்கட்டைப்புல் விதை தூவி, ஐப்பசி அடைமழையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் புல் நிற்கும். இது வனத்துறை திட்டமிட்டுச் செய்யவேண்டிய வேலை, நாம் மனு கொடுக்கலாம், நாற்று வளர்த்துக் கொடுக்கலாம்.

கொல்லைமேடு:
இரண்டு வருடம் கழித்துப் புல் வரும், சரி. அதுவரை என் உளுந்து? தொட்டிக்கு மனு கொடுப்பவர்கள் வேலிக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். சோலார் வேலி போட்டவர்கள் பலர் ஒரே வருடத்தில் "ஷாக் அடிக்கவில்லை" என்று கழற்றிவிடுகிறார்கள். கம்பியில் புல் உரசினாலே மின்னழுத்தம் இறங்கிவிடும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடியில் செதுக்கவேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது. ஒரு கம்பிக்குப் பதில் மூன்று எர்த் கம்பி அடித்து, கரியும் உப்பும் போட்டு, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். நாலடி உயரத்தில் நிறுத்தினால் மான் தாண்டிவிடும், ஏழடி வேண்டும். பன்றிக்காகத் தரையிலிருந்து அரை அடியில் ஒரு கம்பி. வீட்டு லைனை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலை, மனிதனும் சாகிறான்.

கடலூர் துறைமுகத்துப் பழைய மீன்வலையை வாங்கிக் கட்டுகிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கொம்பு சிக்கி மான் இரவெல்லாம் உதறிச் சாகிறது. எனக்குப் பயிர் முக்கியம், அதற்காக அப்படி ஒரு சாவு வேண்டாம்.

மணிமுத்தாறு:
அண்ணே, வேலி மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கிணற்றைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும். மான் விழுந்தால் ஊரே கூடிக் கயிற்றில் தூக்கிவிடுகிறது, நன்றாக எழுந்து ஓடிய மான்கூட மறுநாள் செத்துக்கிடக்கிறது. ஏன்?

புதுவை கால்நடை:
பயமும் போராட்டமும்தான் காரணம். மூச்சிரைக்க உதைத்துக்கொண்டே இருந்தால் தசையில் அமிலம் சேர்ந்து தசை நார்கள் உடையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அதுதான். சில மணி நேரத்திலும் சாகும், சில நாள் கழித்தும் சாகும்.

முதலில் கூட்டத்தை விலக்குங்கள், செல்போனில் படம் எடுப்பவர்களையும் சேர்த்து. வனத்துறைக்கும் தீயணைப்புக்கும் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாயைக் கட்டி, சத்தமில்லாமல் இருங்கள். தண்ணீர் ஆழமாக இருந்தால் மிதக்கும் பலகையோ வாழைத்தண்டுக் கட்டோ இறக்கினால் முன்னங்காலை வைத்துக்கொள்ளும். தூக்கியதும் கண்ணைத் துணியால் மூடவேண்டும், பாதி நடுக்கம் அதிலேயே அடங்கும். பக்கவாட்டில் கிடத்தாமல் நெஞ்சு தரையில் பட உட்காரவைக்கவேண்டும், இல்லையென்றால் வயிறு ஊதி, இரை மேலேறி மூச்சுக்குழாயில் போகும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நல்ல நிழல், ஈரச்சாக்கு, அமைதி. காட்டுக்குள் விடுவதை மருத்துவர் சொன்ன பிறகு செய்யுங்கள்.

கொல்லைமேடு:
தொட்டி பற்றி என் எண்ணம் மாறவில்லை. கிணற்றுக்கு நான் வருகிறேன். முப்பதடி விட்டமுள்ள வெட்டுக்கிணற்றுக்குச் செங்கல் சுவர் எல்லோராலும் கட்டமுடியாது. விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி, எட்டடிக்கு ஒரு கல்தூண் நட்டால் பதினான்கு தூண் பிடிக்கும், ஆறடிக் கம்பிவலை சுமார் 113 அடி. வெறும் வலை இரவில் தெரியாது, நாய் துரத்த ஓடி வரும் மான் அதில் மோதும். அடியிலிருந்து நாலடிக்குப் பனையோலைப் படல் வைத்துக் கட்டுங்கள். கேட்டை மோட்டார் பக்கம் வையுங்கள், ஆள் இல்லாதபோது சாத்திக் கொக்கி போட மறக்கக்கூடாது. காட்டை ஒட்டிய கிணறுகளைக் கணக்கெடுக்க ஞாயிற்றுக்கிழமை வரத் தயார்.