கார்த்தியின் கோச் ஆசை: குடும்பக் குழுவில்

ராஜா: மாப்ள, கார்த்தி பி.பி.எட், அதான் உடற்கல்விப் படிப்பு, படிச்சு பாஸ்கெட்பால் கோச் ஆகப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கோச்சிங் எல்லாம் ஒரு வேலையா?

செல்வம்: அத்தான், பாஸ்கெட்பாலைக் கண்டுபிடிச்ச நைஸ்மித்தே அப்படித்தான் நினைச்சாரு. ஆடுறதுக்குத்தான் இந்த ஆட்டம், இதுல கோச்சுக்கு என்ன வேலைன்னு தன் ஸ்டூடண்ட் ஃபாக் ஆலன்கிட்ட சொன்னதா சொல்வாங்க. அந்த ஸ்டூடண்டைத்தான் இன்னிக்கு பாஸ்கெட்பால் கோச்சிங்குக்கே தகப்பன்னு சொல்றாங்க.

பவி: எந்த ஊரு மாமா அவரு?

செல்வம்: அமெரிக்காவுல கன்சாஸ் யுனிவர்சிட்டிம்மா. 1907ல கோச்சா சேந்தாரு. நடுவுல பத்து வருஷம் விலகியிருந்து, திரும்பி வந்து 1956 வரைக்கும் அங்கேயேதான்.

கார்த்தி: ஃபுட்பாலுக்கும் கோச்சா இருந்தாரே மாமா

செல்வம்: ஆமாடா. அவங்க ஃபுட்பால், பந்தைக் கையில அணைச்சுக்கிட்டு ஓடுறது. வாரன்ஸ்பர்க் டீச்சர்ஸ் காலேஜ்ல ரெண்டு ஆட்டத்துக்கும் அவர்தான். கன்சாஸ்ல ஃபுட்பாலுக்கு 1920ல ஒரே சீசன்தான். எதிர் டீம் நெப்ராஸ்கா 20-0ன்னு முன்னால போயிருச்சு, அந்த மேட்சை இவரு பசங்க 20-20ல கொண்டுவந்து நிறுத்தினாங்க.

மீனா: தம்பி, குடும்பம் நடத்த வருமானம்?

செல்வம்: அக்கா, அவரு ஆஸ்டியோபதியும் படிச்சவரு. கையாலயே நீவி மூட்டு, தசையைச் சரி பண்ற வைத்தியம். பசங்களுக்கு முட்டி, கணுக்கால் பிசகினா அவரே உக்காந்து பாப்பாரு. அதனாலதான் ‘டாக்’னு கூப்பிடுவாங்க.

ராஜா: பாத்தியா, கையில இன்னொரு தொழில் வச்சிருந்திருக்காரு!

செல்வம்: அது கோச்சிங்குக்கும் உதவுச்சு அத்தான். கோச்சாவும் நிறைய சாதிச்சாரு. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல பாஸ்கெட்பாலைச் சேர்க்க முன்னால நின்னு பாடுபட்டாரு. 1952ல கன்சாஸ் நேஷனல் சாம்பியன், அதே வருஷம் ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ் டீம்ல அவர் பசங்க ஏழு பேரு! அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் ரெண்டு பேரும் அவர்கிட்ட ஆடினவங்க, பின்னால பெரிய கோச் ஆனாங்க. எனக்கு இதுதான் அவரோட பெரிய சாதனை.

கார்த்தி: பின்னால பெரிய பாஸ்கெட்பால் ஸ்டாரான வில்ட் சேம்பர்லெய்னையும் அவர்தானே கூட்டிட்டு வந்தாரு

செல்வம்: அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறலடா. ஏழடி உயரப் பையனைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்தாரு. முதல் வருஷப் பசங்க மெயின் டீம்ல ஆடக்கூடாதுன்னு அப்போ ரூல். அந்த ஒரு வருஷம் முடியுறதுக்குள்ள இவருக்கு 70 வயசு, கட்டாய ரிட்டயர்மென்ட். வில்ட் முதல் மேட்ச்லயே 52 பாயிண்ட் போட்டான், கோச் சீட்ல வேற ஆளு.

மீனா: அடப்பாவமே. ஒரு வருஷம் விட்டிருக்கலாம்ல

பவி: அவர் பேர்ல ஸ்டேடியம் இருக்கு! ஆலன் ஃபீல்ட்ஹவுஸ், 1955ல திறந்திருக்காங்க. அது இருக்கிற ரோட்டுக்குப் பேரு நைஸ்மித் டிரைவ்

ராஜா: சரி மாப்ள. அவர் மாதிரியே இவனும் கூட ஒரு வைத்தியம் படிக்கட்டும். பிசியோதெரபி?

கார்த்தி: அப்பா நான் பயாலஜி குரூப்தான், சேரலாம். ஆனா டீம் பிராக்டிஸை விட மாட்டேன்

செல்வம்: விட வேண்டாம்டா. அத்தான், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன், எந்தெந்த காலேஜ்னு உக்காந்து பாப்போம்.

மீனா: மதியம் சாப்பாட்டுக்கே வந்துரு தம்பி