மறு: 'செயற்கை இனிப்பூட்டி' போதுமா?

வணக்கம்.

சீனிக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் பொருளை உணவுப் பெட்டியில் தமிழில் எப்படி எழுதுவது, 'செயற்கை இனிப்பூட்டி' போதுமா, 'சர்க்கரையிலி' என்று வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. 'சர்க்கரையிலி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பில் எடுபடாது. இங்கே சர்க்கரை பொங்கலுக்கு, சீனி தேநீருக்கு. பெட்டியில் 'சர்க்கரையிலி' என்று போட்டால், சீனி வருத்தக்காரர் "அப்ப சீனி இருக்கா?" என்றுதான் கேட்பார். தவிர, அது பண்டத்தின் பெயர். நாம் தேடுவது உள்ளே போட்ட பொருளுக்கான பெயர்.

'செயற்கை இனிப்பூட்டி' பழகிய சொல். அஸ்பார்ட்டேம் (பெட்டியில் போடும் உணவுச் சேர்க்கை எண் 951), சக்கரீன் (954), சுக்ரலோஸ் (955) மூன்றுக்கும் பொருந்தும். 960-இல் இடறுகிறது, அது சீனித்துளசி (ஸ்டீவியா) இலையிலிருந்து எடுப்பது. 'செயற்கை இனிப்பூட்டி இல்லை' என்று எழுதிவிட்டு அதைச் சேர்த்தால் பொய்யும் ஆகாது, வாங்குபவருக்கு விஷயமும் தெரியாது. ஆகவே என் தெரிவு 'மாற்று இனிப்பூட்டி'. நிறமூட்டி, சுவையூட்டி என்று படித்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

அதற்குள், மிகச் சிறிதளவிலேயே இனிக்கும் பிரிவுக்கு 'செறி இனிப்பூட்டி' என்ற பெயர் வேண்டும். சுக்ரலோஸ் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு, துளியளவு போதும். சேர்மானங்களை எடை வரிசையில் எழுதுவதால் அதன் பெயர் பட்டியலின் வாலில்தான் கிடக்கும். 2016 முதல் இலங்கையில் நம் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியும் இதற்கு உதவாது. 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைவான சீனி என்றால் பச்சை, அவ்வளவுதான். இனிப்பு எதனால் வந்தது என்பது அதன் வேலை அல்ல.

எந்தச் சொல்லை எடுத்தாலும் எண்ணை விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதம். பீனைல்கீற்றோன்யூரியா என்பது பீனைல்அலனீனை உடல் சரியாகச் சிதைக்க முடியாத பிறவி நோய், அஸ்பார்ட்டேமில் அந்தப் பொருள் உண்டு. அந்நோய் உள்ள பிள்ளையின் தாய்க்கு 'மாற்று இனிப்பூட்டி' என்ற பொதுப்பெயர் போதாது. 951 என்று இருந்தால்தான் விலக்கலாம்.

சரி, சோபிற்றோல் (420), மோல்ற்றிற்றோல் (965), சைலிற்றோல் (967)? இவை செறி வகை அல்ல. சீனியைப் போலவே கிராம் கணக்கில் போடுவார்கள். அதிகம் தின்றால் வயிற்றால் போகும். இவற்றுக்கு நண்பர் ஒருவர் சொன்ன 'சீனி மதுசாரம்' (sugar alcohol) வேதியியல்படி சரி. ஆனால் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியின் கடையில் மதுசாரம் என்று எழுதிய சூயிங்கத்தை யார் தொடுவார்? வெறியேற்றும் எதனோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பெட்டிக்குப் பெட்டி விளக்கமா எழுதுவது? மூன்று பெயரும் ஒரே மாதிரி முடிவதால் 'இற்றோல் இனிப்பூட்டி' என்று வைக்கலாம். உறுத்தினால் இவ்வகைக்குரிய ஆங்கிலப் பெயரான 'பொலியோல்' (polyol) என்றே எழுதுங்கள், மதுசாரம் மட்டும் வேண்டாம்.