நாலடி டெண்டில் சாலட் கீரை: காத்தாடி ஓடியும் 39 டிகிரி

ஆறாங்கட்டை:
வணக்கம். சுங்கை சிப்புட் (மலேசியா), மாடி ரூம், ஏர்கோன் இல்லை. டெண்ட் (செடி வளர்க்கிற துணிக் கூடாரம்) 120×120×200 செ.மீ. விளக்கு 240 வாட் எல்இடி, காலை 6 முதல் இரவு 10 வரை எரியுது. உள்ளே தண்ணீரில் வளர்க்கிற சாலட் கீரை. வெளியேற்ற 4 அங்குல குழாய்க் காத்தாடி. பெட்டியில் மணிக்கு 190 கன மீட்டர்னு போட்டிருக்கு. கூடவே வந்த கார்பன் பில்டரும் (வாடை பிடிக்கிற கரி வடிகட்டி) மாட்டியாச்சு. சூட்டுக் காற்று அதே ரூமில்தான் விழுது. மத்தியானம் ரூம் 33, டெண்ட் 39. நடுக்குருத்து இலை நுனி கருகுது. 6 அங்குலத்துக்கு மாத்தினா போதுமா?

பால்மரத்தடி:
தம்பி, முதல்ல ஒரு கணக்கு. விளக்கோட வாட்டை 3ஆல் பெருக்கி, மணிக்கு ஓடுற கன மீட்டரால் வகுங்க. ரூமைவிட டெண்ட் எவ்வளவு கூடுதலா சுடும்னு கிட்டத்தட்ட வந்திடும். பெட்டியில் போட்ட 190 வெறும் காத்தாடிக்கு உள்ளது. பில்டர், நெளிகுழாய், ரெண்டு வளைவு சேர்ந்தா 120 கிடைச்சாலே பெரிசு. 720ஐ 120ஆல் வகுத்தா 6. உங்க மீட்டர் காட்டுறதும் அதேதான்.

6 அங்குலம் போட்டு உண்மையிலேயே 300 ஓடினா வித்தியாசம் 2.4க்கு இறங்கும். ஆனா ரூம் 33ன்னா அதுக்குக் கீழே எந்தக் காத்தாடியாலும் கொண்டுபோக முடியாது. அதனால விளக்கை இரவு 7 முதல் காலை 11 வரைக்கு மாத்துங்க. காசு செலவில்லாத வேலை, பலன் இதில்தான் அதிகம். ராத்திரி 25 டிகிரி, 90 விழுக்காடு ஈரமுள்ள காற்று, விளக்குச் சூட்டில் 28க்கு ஏறினா ஈரம் 75 பக்கம் வந்திடும்.

பில்டரைக் கழட்டிடுங்க. கீரைக்கு என்ன வாடை?

நாக்கோ ஜன்னல்:
சூட்டுக் காற்றை ரூமிலேயே விட்டா அதையே திரும்ப உறிஞ்சும். ஜன்னல் நாக்கோ வகைன்னா (கண்ணாடிப் பட்டைகளை அடுக்கினது) வேலை சுலபம்: மூணு கண்ணாடியை உருவிட்டு, அந்த இடத்துக்குப் பிளைவுட் வெட்டி, 6 அங்குல ஓட்டை போட்டுக் குழாயை மாட்டுங்க. வெளிப்பக்கம் முழங்கைக் குழாயோட வாய் கீழே பார்க்கணும், இல்லைன்னா சாய்மழை நேரா காத்தாடிக்குள்ள வரும். ஒருவழி மூடியும் வைங்க. காத்தாடி நின்ன நேரத்தில் பல்லி குடித்தனம் வந்திடும்.

காத்தாடி டெண்டுக்குள்ள, விளக்குக்கு மேலே, ஒரு மூலையில் தொங்கட்டும். காற்று உள்ளே வர்ற வாய் எதிர்மூலையில், அடியில். குழாய் 6 அங்குலம்னா உள்வாய் 20×30 செ.மீ. திறந்திருக்கணும், கொசுவலை போட்டு. டெண்ட் சுவர் லேசா உள்வாங்கினா சரி. வயிறு ஒட்டின மாதிரி இழுத்துக்கிட்டா உள்வாய் போதலை. கொஞ்சமும் உள்வாங்காம தளர்வா நின்னா எங்கேயோ குழாய் கழண்டிருக்கலாம். நெளிகுழாயை முழுசா இழுத்து, மிச்சத்தை வெட்டிடுங்க. சுருண்டு கிடக்கிற குழாய்தான் பாதிக் காற்றைத் தின்னும். இணைப்பில் கிளிப்பு, அதுக்கு மேலே அலுமினியம் டேப்; துணி டேப் சூட்டில் பசை விட்டுடும்.

வேகம் குறைக்க வீட்டு விளக்கு டிம்மரை மாட்டாதீங்க. மோட்டார் முனகும், சுடும். சொந்த ரெகுலேட்டரோட வர்ற ஈ.சி. (EC, மின்னணுவால் வேகம் மாத்துற) மோட்டார் வாங்கி, பாதி வேகத்தில் ஓட்டுங்க. அதிர்வுச் சத்தத்துக்குப் பழைய மோட்டார்சைக்கிள் டியூபை வெட்டித் தொங்கவிட்டா போதும்.

குருத்து:
நுனி கருகறதைப் பத்தி யாரும் சொல்லலை. உரத்தில் கால்சியம் இருந்தாலும், குருத்து இலை நீராவி விட்டாதான் அது அங்கே போய்ச் சேரும். குருத்து மூடிக்கிட்டு, சுத்தி ஈரக்காற்று அசையாம நின்னா அது நடக்காது. வெளியேற்றும் காத்தாடி இதைச் சரிபண்ணாது. 6 அங்குல கிளிப் காத்தாடி ரெண்டு, எதிரெதிர் கம்பத்தில், காற்று செடி நடுவில் இறங்குற மாதிரி சாய்ச்சு வைங்க. இலை லேசா நடுங்கணும். ஒரே பக்கமா மடங்கினா வேகம் அதிகம். விளக்கு அணைஞ்ச பிறகும் ஓடணும். கருகின இலை திரும்பாது, புதுக்குருத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

ஆறாங்கட்டை:
நன்றி அண்ணே. பிற்பாடு 1 குதிரைசக்தி ஏர்கோன் போட்டா, குழாய் ஜன்னலிலேயே இருக்கலாமா?

பால்மரத்தடி:
கூடாது. மணிக்கு 300 கன மீட்டர் குளிர்காற்றை வெளியே தள்ளினா, அதே அளவு ஈரச்சூடு கதவிடுக்கு வழியா ரூமுக்குள்ள வரும், கரண்ட் பில்லும் ஏறும். அப்போ குழாயைக் கழட்டி ரூமுக்குள்ளேயே விடுங்க, ஜன்னல் ஓட்டையை அடைங்க. உங்க விளக்குச் சூடு மணிக்கு சுமார் 820 பிடியூ (சூட்டை அளக்கிற அலகு). 1 குதிரைசக்தி ஏர்கோன் 9,000 பக்கம் இழுக்கும், அதனால அந்தச் சூட்டைத் தாங்கும்.