திரை மூலையில் ஓயாமல் வரும் வைரஸ் எச்சரிக்கை: என்ன செய்வது?

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை:
வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கிறோம். கணக்கு எழுதும் கணினியில் மூன்று நாட்களாக வலது கீழ்மூலையில் "5 வைரஸ்கள் உள்ளன" என்று சிவப்புக் கட்டம் வந்துகொண்டே இருக்கிறது. நேற்று அதை அப்பா தொட்டதும் திரை முழுக்க நீலமாகிச் சைரன் அலறியது. கூடவே ஒரு தொலைபேசி எண். அதை பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு டயல் செய்யப் போனார். உளுந்து மாவு ஒட்டிய கையோடு ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினேன். ஆன்டிவைரஸில் முழுச் சோதனை செய்தும் எதுவும் அகப்படவில்லை. கணக்கெல்லாம் அழிந்துவிடுமோ என்று அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை.

அம்பாசமுத்திரம்:
கணினியில் உள்ளதையெல்லாம் அழித்து ஃபார்மட் செய்துவிடுங்கள். வேறு வழியில்லை.

பாளையங்கோட்டை, கணினிப் பழுது:
தம்பி, ஃபார்மட் வேண்டாம். கணக்கைத் தொடாதீர்கள். அந்தச் சிவப்புக் கட்டம் வைரஸ் அல்ல, ஒரு தளம் அனுப்பும் அறிவிப்பு. எங்கோ ஒரு தளம் "ரோபோ அல்ல என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். அது அறிவிப்பு அனுப்பத் தந்த உரிமை. அந்தத் தளத்தை மூடினாலும் அறிவிப்பு வரும். குரோம் உலாவியில் மூன்று புள்ளி, அமைப்புகள், தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போங்கள். அனுமதி பெற்றவற்றில் தெரியாத பெயரையெல்லாம் நீக்குங்கள்.

சைரன் திரை மறுபடி வந்தால் எஸ்கேப் விசையை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அடங்காவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. போன மாதம் என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி ஓர் எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவி, தன் கண்ணெதிரே சேமிப்பை இழந்தார். இன்னும் எனக்கு ஆறவில்லை. பணம் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், பயமுறுத்துவதற்கென்றே செய்த சைரன் அது.

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை:
அண்ணாச்சி, பட்டியலில் நான்கு தெரியாத பெயர்கள் இருந்தன. நீக்கிவிட்டேன். காலையிலிருந்து ஒரு கட்டமும் வரவில்லை. பின்னட்டையில் இருந்த எண்ணை அப்பாவே கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே 1930 என்று பெரிதாக எழுதிவைத்தார்.