பள்ளி மைதானத்துக்கு மரமா, பேவர் பிளாக்கா? குழந்தைகளின் அலர்ஜி பற்றி ஒரு வாக்குவாதம்

மூக்கனேரி:
நம் சேலத்தில் ஐந்து ரோடு, அழகாபுரம் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளைப் பாருங்கள். காம்பவுண்டு சுவர் வரைக்கும் டைல்ஸ். பள்ளி மைதானத்தில் பேவர் பிளாக். ஐந்து வயது வரை மண்ணில் கால் படாமலே ஒரு குழந்தை வளர்ந்துவிட முடியும். தும்மல், வீசிங், தோல் அரிப்பு மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

2012-ல் சூழலியல் அறிஞர் இல்கா ஹன்ஸ்கியின் குழு கிழக்குப் பின்லாந்தில் 118 பதின்வயதினரை ஆராய்ந்தது. அலர்ஜிக்கான ஐஜிஇ எதிர்ப்பொருள் உள்ளவர்களின் வீட்டைச் சுற்றி செடிகொடி வகைகள் குறைவாக இருந்தன. அவர்கள் தோலில் சில பாக்டீரியா வகைகளும் குறைவாக இருந்தன. 2020-ல் அதே நாட்டில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் விளையாடும் சரளைக்கல் முற்றங்களில் காட்டுத் தரையையும் புல்பத்தையையும் கொண்டுவந்து விரித்தார்கள். 28 நாளில் தோலின் பாக்டீரியா வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சியை அடக்கும் பக்கம் தராசு சாய்ந்தது. ஆகவே மைதானத்துக் கல்லைப் பெயர்த்து மண்ணும் மரமும் வையுங்கள்.

மகரந்தம்:
28 நாளில் யாருக்கும் ஆஸ்துமா குறைந்ததாக அந்த ஆய்வில் ஒரு வரி கிடையாது. அளந்தது இரத்தக் குறியீடுகளை. மொத்தம் 75 குழந்தைகள். 118 பேர் ஆய்வோ ஒரே நேரத்தில் எடுத்த படம். எது காரணம், எது விளைவு என்று அது சொல்லாது.

மறுபக்கத்தையும் சொல்லுங்கள். ஜெர்மனியில் பிறப்பு முதல் தொடர்ந்த இரண்டு குழந்தைக் குழுக்களை வைத்து 2014-ல் பார்த்தார்கள். வடக்கே கிராமப்புறத்தில் பசுமை கூடக் கூட மூக்கு அலர்ஜி குறைந்தது. தெற்கே மியூனிக் நகரப் பக்கம் கூடியது. நியூயார்க்கில் 2008-ல் தெருமரம் அதிகமான பகுதிகளில் ஆஸ்துமா குறைவு என்றார்கள். 2013-ல் அதே ஊரில் குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்தபோது, மர நிழல் அதிகமான இடத்தில் ஆஸ்துமாவும் மர மகரந்த உணர்திறனும் கூடுதல்.

ஒரு காரணம் அளவுகோலில் இருக்கலாம். இப்படிப்பட்ட பசுமை ஆய்வுகளில் பல, செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்கும் பசுமைக் குறியீட்டை நம்புபவை. பழைய லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். அதில் பச்சை தெரியும், எந்தச் செடி என்று தெரியாது. ஐப்பசி மழை முடிந்ததும் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரக் காலிமனைகள் முழுக்கப் பச்சைதான். அத்தனையும் அலர்ஜி கிளப்பும் பார்த்தீனியக் களை!

மூக்கனேரி:
எந்தப் பச்சை என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாதம் அது. பச்சையே வேண்டாம் என்பதற்கு வாதமாகாது. பூச்சியை நம்பிப் பூக்கும் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, வெகுதூரம் பறக்காது. புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு எல்லாம் அப்படி. காற்றை நம்பிப் பூப்பவைதான் தொல்லை: சவுக்கு, ஆமணக்கு, புல் வகைகள், சமீபத்தில் பலரும் வேலியாக வளர்த்த கோனோகார்ப்பஸ். அது வேகமாக வளரும், ஆடு கடிக்காது என்பதற்காக நட்டார்கள். குஜராத் 2023-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

மகரந்தம்:
பட்டியல் நல்ல பட்டியல்தான். வேம்பு மகரந்தத்துக்கும் தோல் சோதனையில் உணர்திறன் காட்டியவர்கள் உண்டு, அதை ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தென்னையையும் விட்டுவிட்டீர்கள். ஊர் முழுக்க இருப்பதாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

இன்னொன்று, இடம். செவ்வாய்ப்பேட்டை மாதிரி இரண்டு பக்கமும் மாடி வீடு நெருங்கிய தெருவில் கிளைகள் கூரைபோல மூடினால் வண்டிப் புகை மேலே போகாமல் கீழேயே தங்கும். டீசல் துகளும் மகரந்தமும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட அதிகம் தொந்தரவு செய்யும். அங்கே வேண்டியது சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இடுப்புயர அடர் வேலி. மரம் வேண்டாம்.

தறிமேடை:
ரெண்டு பேரும் வாசலுக்கு வெளியவே நிக்கிறீங்களே, கொஞ்சம் உள்ள வாங்க. அம்மாப்பேட்டையில தறியும் தொட்டிலும் ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இருக்கிற வீடுங்க எத்தனை? பஞ்சுத் தூசி, கரப்பான்பூச்சி, இலவம்பஞ்சு மெத்தை. ராத்திரி ஜன்னலைச் சாத்திட்டு ஒரு கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிஞ்சா 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரும்னு 2003-லயே அளந்திருக்காங்க. இதை நிறுத்தாம வாசல்ல பூவரசு நட்டு என்ன பிரயோஜனம்? கொசுவலை போதும்.

தலையணை உறையும் போர்வையும் வாரம் ஒருதடவை 60 டிகிரி தண்ணியில ஊறணும். பச்சைத்தண்ணியில துவைச்சா மைட், அதான் படுக்கைத் தூசியில வாழுற கண்ணுக்குத் தெரியாத சிறுபூச்சி, சாகாது. மெத்தையை மொட்டைமாடி வெயில்ல போட்டா மைட் செத்துரும், ஆனா அதோட கழிவுல இருக்கிற புரதம் அப்படியே இருக்கும். அதுதான் அலர்ஜி கிளப்புறது. அதனால காயவெச்ச பிறகு வெளியிலயே நல்லா தட்டணும். குழந்தை பக்கத்துல நிக்கக்கூடாது.

நாகலூரான்:
சேலத்தில் ஒரு பேச்சு உண்டு: "ஏற்காட்டுல பத்து நாள் வெச்சிருங்க, இளைப்பு நின்னுடும்." ஆஸ்துமாக்காரர்களை மலைக்காற்றுக்கு அனுப்பும் பழக்கத்துக்குப் பெயர்போன ஊர் சுவிட்சர்லாந்தின் டாவோஸ். அதுவும் கிட்டத்தட்ட நம் மலை உயரம்தான், சுமார் 1,560 மீட்டர். ஆனால் அங்கே குளிர் வறண்டது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் மைட் உலர்ந்து போகும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம். கம்பளி காயாது, அலமாரிக்குப் பின்சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படரும். கீழே மைட் மட்டும் இருந்த குழந்தைக்கு மேலே பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும்.

காபித் தோட்டம், சில்வர் ஓக், மிளகுக் கொடி என்று பார்வைக்கு எல்லாம் பசுமை. மூக்கனேரி சொல்லும் மண் பாக்டீரியாவும் இங்கே தாராளம். ஆனால் கட்டில் அந்தப் பூஞ்சணச் சுவரை ஒட்டிக் கிடந்தால் அந்த நன்மை ராத்திரியில் கரைந்துவிடும். கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள்.

மூக்கனேரி:
வீட்டுக்குள் இருப்பதை யாரும் மறுக்கவில்லை தறிமேடை அண்ணா. ஆனால் கரப்பானும் கொசுவத்தியும் அந்தக் காலத்திலும் இருந்தவை. மண் போனதுதான் புதுசு.

மகரந்தம்:
நான்கு சுவரையும் அடைத்து ஏசி போட்டதும் புதுசுதான். எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் மரத்தையும் திட்டாதீர்கள், மெத்தையையும் திட்டாதீர்கள். சந்தேகப்படும் பொருளை ஒரு துளி இட்டுத் தோலில் குத்திப் பார்க்கும் தோல் குத்துச் சோதனைக்கு 15, 20 நிமிடம் போதும். தடிப்பு உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு, நிறுத்தாமல் போனால் எல்லாமே 'இல்லை' என்றுதான் வரும். தடிப்பு வந்தாலும் அது உணர்திறன் மட்டுமே. அந்தப் பொருளின் பக்கம் போகும்போது தொந்தரவு வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அலர்ஜி.

தறிமேடை:
சரிங்க, மைதானத்துல முதல்ல என்ன செய்யறது?

மகரந்தம்:
பார்த்தீனியம். முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும், ஒரு செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். மழை பெய்த மறுநாள், பூக்கும் முன், கையுறையும் முகமூடியும் போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். மாணவர்களை வைத்துப் பிடுங்கவே கூடாது. காய்ந்த செடியின் தூளே தோலைப் புண்ணாக்கும்.

நாகலூரான்:
லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வெயிலில் தெளித்தாலும் கருகிவிடும்.

மூக்கனேரி:
வேலி ஓரத்துக்குச் சரி. குழந்தைகள் விளையாட வேண்டிய மண்ணில் உப்பைக் கொட்டிவிட்டு அதில் எந்தப் பாக்டீரியாவைத் தேடுவது? பிடுங்கிய இடத்தில் தகரை விதையைத் தூவுங்கள், அது பார்த்தீனியத்தை எழவிடாது.

மகரந்தம்:
தகரைக்குச் சம்மதம். ஆனால் 'புல்தரை' என்று அருகம்புல்லை விரித்துவிட்டு வெட்டாமல் விடாதீர்கள். கதிர் விட்டால் அதுவும் காற்றில் மகரந்தம் பறக்கும் புல்தான். கதிர் வருமுன், பள்ளி விட்ட பிறகு வெட்டுங்கள்.